ஸ்பிரிங் ஓவர் பண்ண எஸ்ஜே413: எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் மூணையும் 40 மி.மீ. தூக்கலாமா?

செம்மண்தடம் (சுங்கை சிப்புட்):

வணக்கம் அண்ணன்மாரே. வண்டி சுசுகி எஸ்ஜே413 ஜீப், ஜி13ஏ எஞ்சின், 5 கியர். முன்னும் பின்னும் ஸ்பிரிங் ஓவர் (ஸ்பிரிங்கை ஆக்ஸலுக்கு மேல மாத்தி வைக்கிறது) பண்ணியாச்சு, 125 மி.மீ. கிட்ட ஏறியிருக்கு. அதுக்கு மேல பாடி லிஃப்ட் (சேசியிலேருந்து பாடியை மட்டும் தூக்கினது) 50 மி.மீ. டயர் 31 அங்குலம், டிஃப் பல்விகிதம் 4.11, முன்பக்கம் ஃப்ரீ ஹப் (முன் சக்கரத்தை ஷாஃப்ட்லேருந்து பிரிச்சு விடுறது).

ஓடுறது பெரும்பாலும் தோட்டத்து மண் சாலை. குலை ஏத்துற லாரி ரெண்டு பக்கமும் பள்ளம் பறிச்சுட்டு நடுவுல முதுகு மாதிரி ஒரு மேட்டை விட்டு வச்சிருக்கு. மழை நின்னு நாலு நாள் வெயில் அடிச்சா அந்த மேடு சிமெண்டு ஆயிடும். சக்கரம் பள்ளத்துல இறங்கின உடனே டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரத்துக்கு இழுவையைப் பிரிச்சுக் கொடுக்கிற பெட்டி) அடிப்பாகம் மேட்டுல ஏறி உட்கார்ந்துக்குது. ஆக்ஸல் தப்பிக்குது, வயிறு மாட்டுது.

பாடி ஏத்தினதால உள்ளே இடம் இருக்கு. மூணையும் ஒரே அளவா 40 மி.மீ. தூக்கிடலாம்னு நினைக்கிறேன். பட்டறையில கேட்டா "எஞ்சின் முன்பக்கம் மட்டும் ஸ்பேசர் போட்டா போதும், ஷாஃப்ட் கோணமும் சரியாயிடும்"ங்கிறாங்க. எது சரி?

அளந்து வச்ச கணக்கு, வண்டி சமதரையில நிக்கிறப்ப: பின் புரொப்பெலர் ஷாஃப்ட் (டிரான்ஸ்ஃபரையும் ஆக்ஸலையும் இணைக்கிற சுழல் தண்டு) ஜாயிண்ட் நடுவிலிருந்து நடு வரைக்கும் 640 மி.மீ. மேல் ஜாயிண்டுக்கும் பினியன் (ஷாஃப்ட் வந்து சேர்ற ஆக்ஸல் பல்தண்டு) ஜாயிண்டுக்கும் உயர வித்தியாசம் 170 மி.மீ. டிரான்ஸ்ஃபர் அவுட்புட் பின்பக்கமா 3 டிகிரி கீழே பார்க்குது, பினியன் 3 டிகிரி மேலே பார்க்குது. தார் ரோட்டுல 65 கிலோமீட்டர் தொட்டா பாதம் வரைக்கும் அதிருது. 40ல ஒண்ணும் தெரியல. ஃபேன் கூடு பாடி லிஃப்டுக்கு அப்புறம் உரசினதால கழட்டி வச்சிருக்கேன்.


தண்டுவடம்:

அளவோடு வந்ததுக்கு முதல்ல நன்றி தம்பி. அளவு இல்லாம இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னா அது ஜோசியம்.

உங்க பின் ஷாஃப்ட் சாய்வு 15.4 டிகிரி. அவுட்புட்டும் பினியனும் ஒண்ணுக்கொண்ணு இணையா, ஷாஃப்ட் போற பக்கமே 3 டிகிரி சாஞ்சிருக்கிறதால ரெண்டு யூ-ஜாயிண்டும் (ஷாஃப்ட் ரெண்டு முனையிலயும் இருக்கிற மடங்கு மூட்டு) 12.4 டிகிரியில வேலை செய்யுது. இணையா இருக்கிறது நல்லதுதான். மேல் ஜாயிண்ட் கிளப்பிவிடுற வேக ஏற்ற இறக்கத்தைக் கீழ் ஜாயிண்ட் அணைச்சுடும், பினியனுக்குப் போய்ச் சேரும்போது சுழற்சி சீரா இருக்கும். ஆனா நடுவுல இருக்கிற குழாய் தப்பிக்க முடியாது. 12.4 டிகிரியில அது ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை 2.4 சதவீதம் வேகமாகி, அதே அளவு மெதுவாகுது. அந்த இரும்பை முடுக்கி முடுக்கி இழுக்கிற சக்திதான் உங்க பாதத்துக்கு வர்ற அதிர்வு.

ஷாஃப்ட் செய்யிறவங்க தர்ற அட்டவணையில 1500 சுத்துக்கு 11.5 டிகிரி, 2000 சுத்துக்கு 8.7, 3000 சுத்துக்கு 5.8ன்னு போகும். 31 அங்குல டயர் ஒரு சுத்துக்குச் சுமார் 2.4 மீட்டர் உருளும். 65 கிலோமீட்டரில சக்கரம் நிமிஷத்துக்கு 450 சுத்து, 4.11ஆல பெருக்கினா ஷாஃப்ட் 1850. அந்தச் சுத்துக்கு ஒன்பது, ஒன்பதரை டிகிரிக்கு மேல ஆகாது, நீங்க 12.4ல இருக்கீங்க. 40 கிலோமீட்டரில ஷாஃப்ட் 1140தான் சுத்துது, அதனாலதான் அங்க தெரியல. பேலன்ஸ் பண்ணக் கொடுத்துக் காசை வீணாக்காதீங்க, இது பேலன்ஸ் கோளாறு இல்ல.

இப்ப மூணையும் நேரா 40 தூக்கினா உயர வித்தியாசம் 210 ஆகும். ஷாஃப்ட் சாய்வு 18.8, ஜாயிண்ட் கோணம் 15.8, ஏற்ற இறக்கம் 3.9 சதவீதம். வயிறு தப்பும், தார் ரோட்டுல ஓட்ட முடியாது. டிரான்ஸ்ஃபரைத் தூக்கிறது வயித்துக்காக, இறக்கிறது ஷாஃப்டுக்காக. ரெண்டும் எதிரெதிர் திசை, நேரா தூக்கி ரெண்டையும் வாங்க முடியாது.


மேட்டுலயம்:

பட்டறைக்காரர் சொன்னதுல ஒரு பாதி உண்மை இருக்கு. லேண்ட்குரூசர் எல்ஜே70, டிஃபெண்டர் மாதிரி வண்டியில டிரான்ஸ்ஃபர் கியர்பாக்ஸ் பின்னாடியே ஒட்டியிருக்கும், எல்லாம் ஒரே கட்டி. முன் மவுண்டிங்ல 25 மி.மீ. ஏத்தினா பின்வால் தானா கீழே பார்க்கும், பின் ஷாஃப்டோட மேல் ஜாயிண்ட் ஒண்ணரை டிகிரி குறையும். அந்த வைத்தியம் அங்க பலிக்கும். நாமும் அதையே பண்ணிப் பார்க்கலாமே?


தண்டுவடம்:

எஸ்ஜேயில பலிக்காது. இதுல டிரான்ஸ்ஃபர் தனிப் பெட்டி. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரு கட்டி, அதுக்குத் தனி மவுண்டிங். டிரான்ஸ்ஃபர் மூணு ரப்பர்ல சேசியில தனியா தொங்குது. நடுவுல ஒரு குட்டை ஷாஃப்ட். எஞ்சின் மூக்கை எவ்வளவு தூக்கினாலும் டிரான்ஸ்ஃபர் நகராது, பின் ஷாஃப்ட் கோணம் அரை டிகிரி கூட மாறாது. மாறுறது அந்தக் குட்டை ஷாஃப்டோட கோணம்தான், அதுவும் கெட்ட பக்கமா.

குட்டை ஷாஃப்டை யாரும் கண்டுக்கிறதில்ல. எஸ்ஜே413 டிரான்ஸ்ஃபர் பல்விகிதம் ஹையிலேயே (சாதாரண ஓட்டம்) 1.409, லோவில (மெதுவா, பலமா இழுக்க) 2.268. ஹையில ஒண்ணுக்கு ஒண்ணு கிடையாது. அதாவது உங்க பின் ஷாஃப்ட் 1850 சுத்தும்போது குட்டை ஷாஃப்ட் 2600 சுத்துது. நீளமோ கையளவு. 200 மி.மீ.ன்னு வச்சுக்கிட்டா, ஒரு முனை 10 மி.மீ. ஏறினாலே 2.9 டிகிரி மாறிடும். டிரான்ஸ்ஃபரை மட்டும் 40 தூக்கினா 11 டிகிரிக்கு மேல, 2600 சுத்துல. யூ-ஜாயிண்ட் சிலுவை ஒரு மழைக்காலம் தாண்டாது.

அதனால மூணையும் தூக்கணும், ஆனா ஒரே அளவா வேணாம். என் கணக்கு இது:

எஞ்சின் ரெண்டு பக்க மவுண்டிங் 40 மி.மீ. கியர்பாக்ஸ் மவுண்டிங் 25. டிரான்ஸ்ஃபரை ரப்பர்ல தாங்குற கைகள்ல முன்கை 25, பின்கை 15.

டிரான்ஸ்ஃபர் கைகளுக்கு முன்பின் இடைவெளி 250 மி.மீ. கிட்ட இருந்தா அந்த 10 மி.மீ. வித்தியாசம் பெட்டியை 2.3 டிகிரி பின்பக்கம் குனிய வைக்கும். அவுட்புட் 3லிருந்து 5.3 ஆயிடும். உயர வித்தியாசம் 185, ஷாஃப்ட் சாய்வு 16.7. மேல் ஜாயிண்ட் 11.4. ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸலுக்கும் நடுவுல 2 டிகிரி ஆப்பு வச்சு பினியனை 5க்குக் கொண்டு வாங்க, கீழ் ஜாயிண்ட் 11.7. இப்ப இருக்கிற 12.4ஐ விட ரெண்டும் குறைவு, வயிறும் 15லிருந்து 25 மி.மீ. ஏறிடுது. எஞ்சினுக்கு 40ம் கியர்பாக்ஸுக்கு 25ம் சொன்னது குட்டை ஷாஃப்டுக்காக: டிரான்ஸ்ஃபர் குனியும்போது கியர்பாக்ஸும் ஒரு டிகிரி குனியணும், இல்லாட்டி அந்த ரெண்டு ஜாயிண்டும் இணையா நிக்காது. மீதி இருக்கிற ஒரு டிகிரி சொச்சத்தை அது தாங்கும். உங்க வண்டியில கை இடைவெளி, மவுண்டிங் இடைவெளி வேறயா இருந்தா ஸ்பேசரை அதுக்கேத்த மாதிரி மாத்திக்குங்க. என் எண்ணை அப்படியே லேத்துக்குக் கொண்டு போகாதீங்க.

இதுல அடி வாங்குறது முன் ஷாஃப்ட். டிரான்ஸ்ஃபர்ல முன் அவுட்புட்டும் பின் அவுட்புட்டும் ஒரே அச்சு, பின்னால குனிஞ்சா முன்னால நிமிரும். உயரம் ஏறினது, பெட்டி நிமிர்ந்தது ரெண்டும் சேர்ந்து முன் ஷாஃப்ட் மேல் ஜாயிண்ட் நாலரை டிகிரி கூடும். ஃப்ரீ ஹப் இருக்கிறதால தார் ரோட்டுல அது சுத்தாது. ஃபோர்வீல்ல மெதுவா போறப்ப மட்டும் சுத்தும், பொறுத்துக்கலாம். அதைச் சரி பண்றேன்னு முன் பினியனுக்கு ஆப்பு வைக்கிறதுதான் பெரிய தப்பு. முன் ஆக்ஸல்ல பினியன் ஒரு டிகிரி மேலே போனா கேஸ்டர் (ஸ்டீயரிங்கைத் தானா நேராக்குற சாய்வு) ஒரு டிகிரி போச்சு. ஸ்டீயரிங் கையை விட்டா திரும்பி வராது, வண்டி ரோட்டுல அலையும்.


செம்மண்தடம்:

அண்ணே, அதிர்வு பின் ஷாஃப்ட்லேருந்துதான் வருதுன்னு எப்படி உறுதி பண்றது? குட்டை ஷாஃப்டாவும் இருக்கலாமே. சேசியோட பின்பக்கத்தை ஸ்டாண்ட்ல ஏத்தி கியர் போட்டுப் பார்க்கட்டுமா?


தண்டுவடம்:

ஸ்டாண்ட் வேணாம். சேசியைத் தூக்கினா ஆக்ஸல் தொங்கிடும், நீங்க பார்க்குறது வேற கோணம். ஆபத்தும் கூட.

தனிப்பெட்டி வண்டியில ஒரு வசதி இருக்கு. ஆள் நடமாட்டம் இல்லாத சமதரையா, நீளமான நேர்சாலையா பாருங்க. அதிர்வு வர்ற வேகத்துல கிளச்சை மிதிச்சு கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்க. அதிர்வு போயிடுச்சுன்னா எஞ்சின், கிளச் பக்கம். போகலன்னா, அடுத்த ஓட்டத்துல அதே வேகத்துல ஆக்ஸிலேட்டரை விட்டு, கிளச்சை மிதிச்சபடி டிரான்ஸ்ஃபர் லிவரை நியூட்ரலுக்குக் கொண்டு வாங்க. இப்ப கிளச்சை விட்டு கியர்பாக்ஸும் நியூட்ரல்ல இருந்தா குட்டை ஷாஃப்டைச் சக்கரம் சுத்தாது. பின் ஷாஃப்ட் சுத்திக்கிட்டேதான் இருக்கும். அதிர்வு குறையாம அப்படியே இருந்தா குத்தவாளி அதுதான். வண்டியை முழுசா நிறுத்தின அப்புறம்தான் லிவரைத் திரும்பப் போடணும், ஓட்டத்துல போட்டா பல்லு போயிடும். இறக்கத்துல இந்தச் சோதனை வேணவே வேணாம், எஞ்சின் பிரேக் இருக்காது.

இன்னொண்ணு: மிதிக்கும்போது மட்டும் அதிர்ந்து, விட்டா அடங்கினா ஸ்பிரிங் முறுக்கிக்குதுன்னு அர்த்தம். ஸ்பிரிங் ஓவர்ல ஆக்ஸல் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கிறதால முறுக்கிற கை நீளம் அதிகம், பினியன் மூக்கு தூக்கும். அதுக்காகத்தான் மேலே பினியனை அவுட்புட்டை விடக் கொஞ்சம் குறைச்சு 5ல விட்டேன்.


லேத்தும்வெல்டிங்கும்:

கோணக் கணக்கு தண்டுவடம் பார்த்துட்டாரு. இரும்பு வேலை பத்திச் சொல்றேன், ஏன்னா நிறைய பேர் கணக்குல பாஸ் ஆகி போல்டுல ஃபெயில் ஆகுறாங்க.

25 மி.மீ. வரைக்கும் ஸ்பேசர் வச்சு நீள போல்டு போடலாம். அதுக்கு மேல போனா போல்டு இழுவையில இல்லாம வளைவில வேலை செய்ய ஆரம்பிக்கும். லோவில, முதல் கியர்ல, சக்கரம் மாட்டின நிலையில மிதிச்சா எஞ்சின் பக்கவாட்டா உருளப் பார்க்கும். அந்த நேரத்துல 40 மி.மீ. உயரத்துல நிக்கிற வெறும் போல்டு, ஆணி மாதிரி வளையும். அதனால எஞ்சின் பக்கம் 40க்கு ஸ்பேசர் வேணாம். 4 மி.மீ. சுவர் உள்ள 40க்கு 40 சதுரக் குழாயை மவுண்டிங் அடித்தட்டு அகலத்துக்கு வெட்டி, ரெண்டு முனையையும் தகடு வச்சு மூடி, சேசி பிராக்கெட் மேல சுத்தி வர வெல்டிங் பண்ணுங்க. போல்டு போற ஓட்டையில உள்ளே ஒரு குழாய்ப் புஷ் வச்சு வெல்டு பண்ணணும், இல்லாட்டி முறுக்கும்போது சதுரக் குழாய் நசுங்கி, ரெண்டு நாள்ல போல்டு லூஸ்.

வெல்டிங் பண்றதுக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவ் கழட்டணும், எர்த் கிளிப் அந்த பிராக்கெட்லயே மாட்டணும். கிளிப்பை சேசியோட வேற மூலையில மாட்டினா கரண்டு பேரிங் வழியாப் போகும். பெட்ரோல் குழாய், பிரேக் குழாய் பக்கத்துல ஈரச்சாக்கு.

கியர்பாக்ஸுக்கு 25 மி.மீ. கட்டித் தகடு, மவுண்டிங் அடித்தட்டு எவ்வளவோ அவ்வளவு அகலம். டிரான்ஸ்ஃபர் கைகளுக்கு லேத்துல 50 மி.மீ. விட்டத்துல உருளை கடைஞ்சு வாங்குங்க, 25 உயரம், 15 உயரம். ரெண்டு முகமும் இணையா இருக்கணும், கட்டர்ல அறுத்துக் கையில ராவினது உதவாது. வாஷர் அடுக்கிறது, ரப்பர் குத்திக்கு நடுவுல ரப்பர் குத்தி வைக்கிறது ரெண்டும் கூடாது. ரப்பர் மேல ரப்பர் வச்சா எஞ்சின் ஆடுற ஆட்டத்துல ஃபேன் ரேடியேட்டரைத் தின்னுடும்.

போல்டு 8.8 தரம், தலையில எண் பொறிச்சிருக்கும். எம்10 8.8க்கு 45 நியூட்டன் மீட்டர் இறுக்கம். ஹார்ட்வேர் கடையில மீட்டர் கணக்குல விக்கிற மரைக்கம்பியை வெட்டிப் போடாதீங்க, சாதாரணமா அது 4.6, 4.8 தரம்தான். நட்டுக்கு வெளியே ரெண்டு மரையாவது தெரியணும். புகைக்குழாய் பக்கம் இருக்கிற மவுண்டிங்குக்கு நைலான் வளையம் உள்ள நட்டு வேணாம், 120 டிகிரி தாண்டினா நைலான் இளகிடும். முழு இரும்பு லாக் நட்டு கேட்டு வாங்குங்க.

தூக்குறப்ப ஆயில் பான் நடுவுல ஜேக் வச்சா பான் உள்ளே போகும், உறிஞ்சி வலை அடைபடும். பெல் ஹவுசிங் அடியில 50 மி.மீ. பலகை வச்சு ஜேக். ஒரு பக்க மவுண்டிங்கைத் தளர்த்தி மட்டும் வச்சுட்டு அடுத்த பக்கத்தைக் கழட்டுங்க. ரெண்டையும் ஒரே நேரத்துல எடுத்தா எஞ்சின் உருண்டு டிஸ்ட்ரிபியூட்டர் ஃபயர்வால்ல மோதும். ஜி13ஏயில அது ஹெட்டோட பின்முனையில இருக்கு.

டிரான்ஸ்ஃபர் ரப்பர் மூணையும் இந்தச் சாக்குல மாத்திடுங்க. எஸ்ஜேயில அதுதான் முதல்ல போற சாமான். ரப்பர் கிழிஞ்ச பெட்டி லோட்ல திரும்பிக்கும், நீங்க டிகிரி டிகிரியா வச்ச கோணமெல்லாம் கிளச்சை விடும்போதே காணாம போயிடும். கிழிஞ்சிருக்கான்னு பார்க்க: ஒருத்தர் லோ ரிவர்ஸ்ல பிரேக்கை மிதிச்சுக்கிட்டு கிளச்சை லேசா விடட்டும், இன்னொருத்தர் பக்கவாட்டுல தள்ளி நின்னு டார்ச் அடிச்சுப் பார்க்கட்டும். பெட்டி 10 மி.மீ.க்கு மேல துள்ளினா ரப்பர் முடிஞ்சுது.

ஆப்பு பத்தி: அலுமினியம் வேணாம், விரிசல் விட்டுடும். இரும்பு ஆப்பு, நடுப் போல்டையும் ஆப்புக் கனத்துக்கு நீளமா மாத்தணும். உங்களுது ஸ்பிரிங் ஓவர், ஆப்பு ஸ்பிரிங்குக்கு அடியில, ஆக்ஸல் திண்டுக்கு மேல உட்காருது. பினியன் மேலே போகணும்னா தடிப்பான பக்கம் வண்டியோட பின்னால பார்க்கணும். ஸ்பிரிங் ஆக்ஸலுக்குக் கீழே இருக்கிற வண்டிக்கு இது தலைகீழ். இங்க தப்பு பண்ணினா 2 டிகிரி கூடுறதுக்குப் பதிலா 2 டிகிரி குறையும், மொத்தம் 4 டிகிரி வித்தியாசம். யூ-போல்டு பழசைத் திரும்பப் போடாதீங்க. புதுசு போட்டு, 100 கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி இறுக்குங்க.


மேட்டுலயம்:

சரி, தனிப்பெட்டிங்கிறதை யோசிக்காம விட்டுட்டேன். ஒப்புக்கிறேன்.

இவ்வளவு பிரிக்கிறப்ப வித்தாரா 1.6 எஞ்சினையே இறக்கிடலாமே? ஈப்போ பக்கம் ஹாஃப்கட் (பாதியா வெட்டின பழைய வண்டி) கடையில கிடைக்குது.


லேத்தும்வெல்டிங்கும்:

இறக்கலாம், ஆனா அது வேற வேலை. ஜி13ஏ பிஸ்டன் ஓட்டம் 77 மி.மீ., ஜி16க்கு 90. பிளாக்கே உயரமா இருக்கும், அதையும் 40 தூக்கினா பொனட் இடத்தை முதல்ல அளக்கணும். எஞ்சின் எண் மாறுறதால புஸ்பகோம் வண்டிப் பரிசோதனை, ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி எல்லாம் வரும். இவர் கேட்டது வயிறு தட்டுறதுக்கு மருந்து. அதை முடிப்போம்.


கிளச்சுமிதி:

எல்லாரும் கோணமும் இரும்பும் சொல்லிட்டீங்க. வேலை முடிஞ்சு சாவியைத் திருப்பினதும் வர்ற வில்லங்கம் பூரா ஒயரும் குழாயும்தான்.

எளிய வழி ஒண்ணு இருக்கு. எஞ்சின்லேருந்து கிளம்புற ஒவ்வொரு சாமானும் எங்க போய் முடியுதுன்னு பாருங்க. பாடியில முடிஞ்சா இந்த வேலை அதுக்கு நல்லது, ஏன்னா பாடி ஏற்கனவே 50 ஏறி நிக்குது, எஞ்சின் 40 ஏறினா 10 மி.மீ.தான் வித்தியாசம். இப்ப இழுத்துக்கிட்டு நிக்கிற ஆக்ஸிலேட்டர் கேபிள், கிளச் கேபிள், ஹீட்டர் குழாய், பிரேக் பூஸ்டர் குழாய் எல்லாம் தளரும். கியர் லிவரும் டிரான்ஸ்ஃபர் லிவரும் தரை ஓட்டையில பழைய இடத்துக்குக் கிட்ட வந்துடும். சேசியில முடியிற சாமானுக்குத்தான் இது கெட்டது: புகைக்குழாய், எர்த் ஒயர், சேசி ஓரமா வர்ற பெட்ரோல் குழாய்.

புகைக்குழாயை முதல்லயே மேனிஃபோல்டு ஃபிளாஞ்சுல கழட்டிடுங்க. கழட்டாம ஜேக் போட்டா மேனிஃபோல்டு காதுதான் எடையைத் தூக்கும், வார்ப்பிரும்பு சொல்லாம வெடிக்கும். திரும்ப மாட்டுறப்ப குழாயை இழுத்துப் பிடிச்சு போல்டு போடாதீங்க. டவுன்பைப்புக்கு அப்புறம் 150 மி.மீ. வலைப்பின்னல் ஃபிளெக்ஸ் ஒண்ணு வெட்டி வெல்டு பண்ணிட்டா பிரச்சினை முடிஞ்சது. சும்மா வளைச்சு மாட்டினா ரெண்டு வாரத்துல கேஸ்கட் ஊதும்.

எர்த் ஒயரை நிறைய பேர் மறந்துடுறாங்க. எஞ்சினுக்கும் சேசிக்கும் நடுவுல இருக்கிற பட்டை ஒயர் இறுகி அறுந்துட்டா, இல்ல மாட்டவே மறந்துட்டா, ஸ்டார்ட்டர் இழுக்கிற கரண்டு வேற வழி தேடும். கிடைக்கிற வழி ஆக்ஸிலேட்டர் கேபிள், கிளச் கேபிள். சாவியைத் திருப்பினதும் கேபிள் உறை புகையும், உள்ளே கம்பி உருகி ஒட்டிக்கும். அதுக்கப்புறம் கிளச் மிதி கல்லு மாதிரி. 100 மி.மீ. கூடுதல் நீளத்துல தடிச்ச எர்த் ஒயர் ஒண்ணு முன்கூட்டியே செஞ்சு வச்சுக்குங்க.

கிளச் கேபிள் தளர்ந்ததும் ஃப்ரீப்ளே பார்த்து அட்ஜஸ்ட் பண்ணணும். இதுக்கு முன்னாடி யாராவது பாடி லிஃப்டுக்காக முழுசாத் தளர்த்தி வச்சிருந்தா இப்ப கிளச் முழுசா விடாது, ரிவர்ஸ் போடுறப்ப கரகரன்னு கத்தும்.

ஃபேன் கூடு: ரேடியேட்டர் பாடியோட சேர்ந்து ஏறியிருந்தா இந்த வேலைக்கப்புறம் ஃபேன் கூட்டு நடுவுக்குத் திரும்ப வந்துடும், 10 மி.மீ.க்குள்ள. அதனால கழட்டி வச்ச கூட்டைத் தூக்கிப் போடாதீங்க. தோட்டத்துல பத்து கிலோமீட்டர் வேகத்துல லோவில ஏறுறப்ப காத்து முன்னாலேருந்து வராது, ஃபேன் இழுக்கிறதுதான். கூடு இல்லாத ஃபேன் பக்கத்துக் காத்தைத்தான் சுத்திவிடும். மாட்டின அப்புறம் சுத்திலும் 15 மி.மீ. இடைவெளி இருக்கணும், எஞ்சின் உருளும்போது ஒரு பக்கம் குறையும். ரேடியேட்டர் சேசியில நிக்கிற மாதிரி யாராவது மாத்தி வச்சிருந்தா கதை தலைகீழ், அப்ப ரேடியேட்டரையும் 40 ஏத்தணும்.

டிப்ஸ்டிக் அளவும் மாறும். முன் மூக்கு ஒரு டிகிரி தூக்கினா ஆயில் பின்னால ஒதுங்கும். ஆயிலை முழுசா வடிச்சு, புத்தகத்துல போட்டிருக்கிற அளவை ஊத்தி, சமதரையில நிறுத்தி, குச்சியில எங்க நிக்குதோ அங்க அரத்தால ஒரு கோடு. பின் டிஃப்லயும் இதே கவனம் வேணும். பினியன் நிமிர நிமிர முன் பேரிங்குக்கு ஆயில் எட்டாது. 5 டிகிரிக்கு ஆபத்தில்ல, ஆனா ஓட்டை மட்டத்துல நிறுத்தாம, பின் ஆக்ஸலை ஒரு பக்கம் லேசாத் தூக்கிக் கொஞ்சம் கூடுதலா ஊத்துங்க.


செம்மண்தடம்:

நேத்து சோதனை பண்ணினேன். கியர் நியூட்ரல்ல அதிர்வு போகல. டிரான்ஸ்ஃபர் நியூட்ரல்லயும் போகல, கொஞ்சம் மெலிஞ்சுது, அவ்வளவுதான். மிதிச்சாலும் விட்டாலும் ஒரே மாதிரி. ரேடியேட்டர் பாடியோடதான் ஏறியிருக்கு. கை இடைவெளி அளந்தேன், 240. தண்டுவடம் அண்ணன் சொன்ன அளவுலயே செஞ்சுடலாம்னு இருக்கேன்.

ரெண்டு சந்தேகம். பின் ஷாஃப்ட் நீளம் போதுமா? வண்டி முன்னைவிடக் கவிழ்ற மாதிரி ஆகுமா?


தண்டுவடம்:

மெலிஞ்ச அந்தக் கொஞ்சம் குட்டை ஷாஃப்டோட பங்கு. சிலுவையை ஒருதரம் கையால ஆட்டிப் பாருங்க. மத்தது பின் ஷாஃப்ட்தான். மிதிச்சாலும் விட்டாலும் ஒரே மாதிரிங்கிறதால ஸ்பிரிங் முறுக்கு இல்ல, கோணம்.

நீளம்: கிடைமட்ட தூரம் 617 மி.மீ. உயரம் 170லிருந்து 185 ஆனா ஷாஃப்ட் 4 மி.மீ. மட்டும் வெளியே வரும், நின்ன நிலையில கவலையே இல்ல. பார்க்க வேண்டியது ஆக்ஸல் முழுசாத் தொங்கிறப்ப. இன்னும் 150 மி.மீ. இறங்குதுன்னு வச்சா உயரம் 335, நீளம் 702 கிட்ட. 60 மி.மீ.க்கு மேல ஸ்ப்ளைன் (ஷாஃப்ட் நீண்டு சுருங்குற பல்மூட்டு) வெளியே போகுது. அப்பவும் உள்ளே இருக்கிற நீளம் ஸ்ப்ளைன் விட்டம் அளவாவது இருக்கணும். குறைஞ்சா ஒண்ணு நீள ஸ்ப்ளைன் போடணும், இல்ல ஆக்ஸலுக்கு வார் கட்டி இறக்கத்தை நிறுத்தணும். அந்த நிலையில சாய்வு 28 டிகிரிக்கு மேல போகுது. சேசியை ஸ்டாண்ட்ல நிறுத்தி, ஆக்ஸலைத் தொங்கவிட்டு, எஞ்சினை அணைச்சு, டிரான்ஸ்ஃபர் நியூட்ரல்ல வச்சு பின் ஷாஃப்டைக் கையால முழுசா ஒரு சுத்து சுத்துங்க. எங்கயாவது யோக் (ஜாயிண்ட் சிலுவையைப் பிடிக்கிற கவை) காது காதோட முட்டினா இறுகும், கைக்கே தெரியும். முன் ஷாஃப்டுக்கும் இதே சோதனை, அங்கதான் முட்டுறதுக்கு வாய்ப்பு அதிகம். முட்டுற இடத்துல ஒரு மில்லி, ரெண்டு மில்லி சாணை பிடிக்கலாம், அதுக்கு மேல காதைக் குறைக்காதீங்க, வார் கட்டுங்க.

ஷாஃப்டைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி ஸ்ப்ளைன் ரெண்டு துண்டுலயும் பெயிண்டால ஒரு கோடு. திரும்பப் போடுறப்ப ஒரு பல்லு தள்ளிப் போட்டாலும் ரெண்டு யோக்கும் ஒரே நேர்ல நிக்காது, மேல் ஜாயிண்ட் கிளப்பினதைக் கீழ் ஜாயிண்ட் முழுசா அணைக்காது. எல்லாத்தையும் சரியா செஞ்சு, அதிர்வு முன்னைவிட மோசமாச்சுன்னா முதல்ல பார்க்க வேண்டிய இடம் அந்தக் கோடு.

கவிழ்றது: தூக்குற பாகம் மொத்தம் 180 கிலோ, வண்டி 1000 கிலோன்னு வையுங்க. 40 மி.மீ. முழுசாத் தூக்கினாலும் எடை மையம் 7 மி.மீ.தான் ஏறும். உங்க வண்டியைக் கவிழ வைக்கிறது ஸ்பிரிங் ஓவர் ஏத்தின 125, அதை ஏற்கனவே பண்ணிட்டீங்க.


செம்மண்தடம்:

ஒரு விஷயம் கேட்க மறந்துட்டேன். கை இடைவெளி 240ன்னா 10 மி.மீ.க்கு 2.4 டிகிரி வருது. ஆப்பு 2 டிகிரியே போதுமா, 2.5 கேட்கவா?


தண்டுவடம்:

2 போதும். 2.5 செஞ்சு வாங்குற காசுக்கு டிரான்ஸ்ஃபர் ரப்பர் ஒண்ணு வாங்கலாம்.